குனிந்த தலையும் மெலிந்த கையும்

1959ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவ இதழ் ஒன்றில் 12 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் கெய்ஸோ ஹிராயாமா, யாசுவோ டொயோகுரா, தாதாவோ சுபாகி என்ற மூன்று டோக்கியோ மருத்துவர்கள். நோயாளிகள் எல்லோரும் இளவட்டங்கள். பெரும்பாலும் ஒரு கை மட்டும், அதுவும் விரல்களில் தொடங்கி முழங்கை வரைக்கும், இளைத்துக்கொண்டே போயிருந்தது. வலி கிடையாது. தொட்டால் உணர்ச்சி நன்றாகவே தெரிந்தது. கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில ஆண்டுகள் வளர்ந்த நோய், பிறகு ஒரு கட்டத்தில் தானாகவே நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்பதுதான் சேதி. அதற்கு முன்பு, கை இளைத்து வந்த ஒருவரைப் பார்த்ததும் நரம்பியல் மருத்துவர்களின் முகம் வாடுவதற்குக் காரணம் இருந்தது. தசை படிப்படியாகக் கரையும் நோயை பிரான்ஸில் அரானும் தூஷேனும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே விவரித்திருந்தார்கள். பின்னால் வந்த ஷார்க்கோ, தண்டுவடத்தின் இயக்க நரம்புச் செல்களே அழிந்துபோகும் ஏ.எல்.எஸ். நோயை அடையாளம் காட்டினார். அது வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் மூச்சுத் தசைகளும் ஓய்ந்து இறந்துபோகிறார்கள். 16 வயதுப் பையன் ஒருவன் இளைத்த கையோடு வந்து நின்றால், பாடநூல் அந்தத் திசையைத்தான் காட்டியது. டோக்கியோ மருத்துவர்கள், "இது அது அல்ல, இந்தப் பையன் பிழைப்பான், வேலைக்குப் போவான், கிழவனாவான்" என்று சொல்ல வழி திறந்துவிட்டார்கள்.

அந்த மூவரின் பிற்கால வாழ்க்கையும் சாதாரணமானதல்ல. சுபாகி நீகாத்தா நகருக்குப் போனார். 1965இல் அங்கே ஆற்று மீனைத் தின்றவர்களுக்குப் பாதரச நஞ்சு ஏறியிருப்பதை வெளிக்கொணர்ந்தவர்களில் முக்கியமானவர் அவர். 1970இல், ஆயிரக்கணக்கான ஜப்பானியரின் கால்களையும் கண்களையும் பாதித்த 'ஸ்மான்' நோய்க்கு வயிற்றுப்போக்கு மருந்தான கிளியோகுவினால்தான் காரணம் என்று சொன்னவரும் அவரே. அந்த ஆண்டே அரசு அதன் விற்பனையை நிறுத்தியது. டொயோகுரா டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பேராசிரியரானார். ஹிராயாமா சிபா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துகொண்டு, வேறு பல ஆய்வுகளுக்கு நடுவிலும் அந்த 12 கைகளை விடவில்லை. கடைசியில் நோய் அவர் பெயரிலேயே நிலைத்தது.

ஹிராயாமா நோய் வந்த கை எப்படியிருக்கும்? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கையில், சதை திரண்டிருக்கும் இடம் குழிந்துபோகும். உள்ளங்கையில் கட்டைவிரலடி மேடும் சுண்டுவிரலடி மேடும் தட்டையாகும். முன்கையில் சுண்டுவிரல் பக்கத்துச் சதை கரைந்திருக்கும். ஆனால் முழங்கையிலிருந்து கட்டைவிரல் பக்கமாக இறங்கும் ஒரு தசை மட்டும் கட்டுக்குலையாமல், வரப்பு போல எழுந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே சாய்வாக ஒரு கோடு கிழித்தது போலத் தெரியும். அனுபவமுள்ள மருத்துவருக்கு அந்தச் சாய்வைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். தண்டுவடத்தின் கழுத்துப் பகுதியில் ஐந்தாம், ஆறாம் அடுக்குகளிலிருந்து நரம்பு பெறும் தசை தப்பிவிட்டது; ஏழு, எட்டு, அதற்கடுத்த முதல் மார்பு அடுக்கு ஆகியவற்றை நம்பியிருந்த தசைகள் போய்விட்டன. விரல்களை நீட்டி விரிக்கச் சொன்னால் சிறு நடுக்கம் ஓடும். குளிர்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். டோக்கியோவின் ஜனவரிக் காற்றில் பையிலிருந்து சில்லறை எடுக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் விரல் மறுத்துவிடும். வெதுவெதுப்பான அறைக்குள் வந்தால் கொஞ்சம் திரும்பும். குளிரில் கை இப்படிச் செயலிழப்பதை ஹிராயாமாவின் குழு நோயின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்தது.

அடையாளம் தெரிந்துவிட்டது. காரணம் தெரியவில்லை. அடுத்த 20 ஆண்டுகளுக்கு மேல் தெரியவில்லை.

அந்த இடைவெளியில் இப்படியொரு கைக்கு இயன்முறை மருத்துவம் என்ன செய்திருக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தத் தொழில் அதற்குமுன் எங்கே பாடம் படித்தது என்று பார்க்க வேண்டும். இளம்பிள்ளை வாதம்தான் அதன் பெரிய பள்ளிக்கூடம். போலியோக் கிருமி தாக்குவதும் தண்டுவடத்தின் முன்பகுதியில் உள்ள இதே இயக்க நரம்புச் செல்களைத்தான். ஆஸ்திரேலியச் செவிலியர் எலிசபெத் கென்னி 1940இல் அமெரிக்கா போய் வாதாடியது நினைவிருக்கலாம். வாதம் வந்த குழந்தைகளின் கைகால்களை மாதக்கணக்கில் மாவுக்கட்டிலும் சட்டத்திலும் கட்டிப்போடாதீர்கள், வெந்நீரில் நனைத்த கம்பளித் துணியால் ஒத்தடம் கொடுங்கள், தசைக்கு அசைவை மறுபடி கற்றுக்கொடுங்கள் என்றார். பெரிய டாக்டர்கள் முதலில் சீறினார்கள். பிறகு மெல்ல வழிக்கு வந்தார்கள். நம் நாட்டிலும் இந்தத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது போலியோதான். 1950களின் தொடக்கத்தில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, முதல் பிசியோதெரபிப் பள்ளி தொடங்கியது.

ஆக, 'அசைவே மருந்து' என்பது அந்தத் தலைமுறை பிசியோதெரபிஸ்டுகளின் ரத்தத்தில் ஊறிய பாடம். கை இளைத்தால் கைக்குப் பயிற்சி. கழுத்து இறுகினால் கழுத்துக்குப் பயிற்சி. முன்னே மடக்கு, பின்னே சாய், பக்கவாட்டில் திருப்பு. ஹிராயாமா நோயைப் பொறுத்தவரை இந்தப் பாடத்தில் பாதி சரி, பாதி ஆபத்து. அதைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் இறக்க வேண்டியிருந்தது.

அவருக்கு 15 வயதில் கை இளைக்கத் தொடங்கியது. நோய் நின்றது, அவர் வாழ்ந்தார். 38ஆம் வயதில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். 1982இல் அவருடைய தண்டுவடத்தைப் பிரேதப் பரிசோதனையில் பார்க்கும் வாய்ப்பு ஹிராயாமாவின் குழுவுக்குக் கிடைத்தது. உயிருக்கு ஆபத்தில்லாத நோய் என்பதால் அதுவரை அப்படியொரு வாய்ப்பு வாய்க்கவே இல்லை.

தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் வண்ணத்துப்பூச்சியின் வடிவில் சாம்பல் நிறப் பகுதி தெரியும். அதன் முன்பக்கச் சிறகுகளில்தான் தசைகளை இயக்கும் செல்கள் இருக்கின்றன. அந்த மனிதரின் கழுத்துத் தண்டுவடத்தில் ஐந்தாம் அடுக்கிலிருந்து முதல் மார்பு அடுக்கு வரை, குறிப்பாக ஏழிலும் எட்டிலும், அந்த முன்சிறகுகள் சுருங்கிக் கிடந்தன. செல்கள் குறைந்திருந்தன, நடுவில் திசு இறந்த தடம். வெள்ளைப் பகுதிக்குப் பெரிதாகச் சேதமில்லை. ஏ.எல்.எஸ். நோயில் இப்படியிருக்காது, அங்கே செல்கள் மேலும் கீழும் பரவலாக அழியும். இது ரத்த ஓட்டம் தடைபட்டு ஒரு சிறு வட்டாரம் மட்டும் பட்டினி கிடந்து இறந்ததன் தோற்றம். 1987இல் ஆங்கில இதழ் ஒன்றில் இந்த முடிவு வெளியானது. நோய் செல்லுக்குள்ளேயே முளைக்கவில்லை, வெளியிலிருந்து ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறது என்ற எண்ணம் அதற்குப்பின் வலுத்தது.

எது அழுத்தியது?

அதற்கான விடையை அதே 1980களில் எடுத்த கழுத்துப் படங்கள் கொடுத்தன. தண்டுவடத்தைச் சுற்றி மூன்று உறைகள் உண்டு. வெளியுறையான டூரா கெட்டியானது. மண்டையோட்டின் அடித்துளையிலும் கழுத்தெலும்பின் இரண்டாம், மூன்றாம் கண்ணிகளிலும் ஒட்டிக்கொண்டு, கீழே வால் எலும்பில் போய் முடிகிறது; நடுவில் பெரும்பாலும் தளர்வாகவே தொங்குகிறது. நாம் தலையைக் குனியும்போது கழுத்தெலும்புக் குழாயின் நீளம் கூடுகிறது, பின்சுவரின் பக்கம் இன்னும் அதிகமாக. சாதாரணமாக டூராவில் மடிப்புகள் சேமிப்பில் இருக்கும். குனிந்தால் அவை விரிந்துகொடுக்கும். சில பையன்களுக்கு, திடீரென்று உயரம் கூடும் பருவத்தில், எலும்பு வளர்ந்த வேகத்துக்கு டூரா வளர்வதில்லை என்பது ஹிராயாமா குழுவின் விளக்கம். சேமிப்பு மடிப்பு இல்லை. குனிந்ததும் உறை இழுபட்டு விறைக்கிறது. விறைத்த உறையின் பின்சுவர் முன்னோக்கி வந்து, தண்டுவடத்தை முன்னாலுள்ள எலும்போடு வைத்து நெரிக்கிறது. நிமிர்ந்தால் விட்டுவிடுகிறது. ஒரு நாளில் எத்தனை தடவை குனிகிறோம்! மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அந்த மெல்லிய நெரிப்பு தொடரும்போது, முன்சிறகுகளுக்குப் போகும் ரத்தம் குறைந்து செல்கள் ஒவ்வொன்றாய் மடிகின்றன.

இது இத்தனை காலம் கண்ணில் படாததற்குக் காரணம் எளிமையானது. படம் எடுக்கும்போது நோயாளியை நேராகப் படுக்க வைத்தார்கள். நேராகப் படுத்தால் நெரிப்பே இல்லை. சாயம் செலுத்தி எடுக்கும் மயலோகிராமில் கழுத்தை மடக்கச் சொல்லி எடுத்தபோதுதான் உறை முன்னால் நகர்வது ஜப்பானிய மருத்துவர்களுக்குத் தெரிந்தது. பின்னர் எம்.ஆர்.ஐ. வந்ததும் காட்சி இன்னும் துலங்கியது. கழுத்து மடங்கிய நிலையில், தண்டுவடத்தின் பின்புறம் உறைக்கும் எலும்புக்கும் நடுவே பிறை வடிவத்தில் வெளிச்சமான ஒரு பட்டை தெரிந்தது. உறை விலகிய இடத்தில் சிரைகள் ரத்தம் நிரம்பிப் புடைத்துக்கொண்ட அடையாளம் அது. தைவானின் கதிரியக்க நிபுணர்கள் இன்னொரு படி போனார்கள். நேராகப் படுத்து எடுத்த படத்திலேயே, உறை பின்பக்க எலும்பிலிருந்து ஒட்டு விட்டிருப்பதைக் கூர்ந்து பார்த்தால் சந்தேகப்படலாம் என்று காட்டினார்கள். ஆனாலும் உறுதி செய்ய, மடக்கிய கழுத்தின் படம்தான் இன்றைக்கும் வேண்டும்.

காரணம் தெரிந்த மறுநிமிடமே வைத்தியம் கண்முன் வந்து நின்றது. குனியாமல் இருந்தால் போதும்.

கழுத்துப் பட்டை புதிய பொருள் அல்ல. ஜெர்மன் எலும்பு மருத்துவர் ஆல்ஃபிரட் ஷான்ஸின் பெயரால் வழங்கும் மெத்தென்ற பட்டை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே புழக்கத்தில் இருந்தது. கார் விபத்தில் கழுத்து வெட்டி இழுத்தவர்களுக்கும் கழுத்தெலும்புத் தேய்மானக்காரர்களுக்கும் மாட்டிவிடும் அதே பட்டை. சிபா குழுவினர் அதை ஹிராயாமா நோயாளிகளுக்கு மாட்டினார்கள். வலிக்காக அல்ல, இவர்களுக்கு வலியே இல்லையே. முகவாய் மார்பைத் தொடவிடாமல் தடுக்க மட்டும்தான். 1992இல் முதல் அறிக்கையும் 2001இல் 38 பேரின் முடிவுகளும் ஜப்பானிய மொழியில் வெளிவந்தன. நோய் வளரும் காலம் குறைந்திருந்தது. ஆரம்பத்திலேயே மாட்டிக்கொண்டவர்களுக்குப் பலன் அதிகம். சிலருக்குக் கொஞ்சம் பலமும் திரும்பியது. இறந்த செல் உயிர்த்தெழாது, ஆனால் சாகவிருந்த செல்கள் தப்பின.

கென்னி அம்மையார் சட்டங்களைக் கழற்றிப் போட்டு அரை நூற்றாண்டு கழித்து, அதே வகைச் செல்களைக் காப்பாற்ற இன்னொரு குழு சட்டத்தைக் கையில் எடுத்தது. முரண்பாடு மேலோட்டமானதுதான். கென்னி விடுவித்தது இளைத்த கைகாலை. ஹிராயாமா கட்டியது இளைக்காத கழுத்தை. கைக்கு அசைவும் கழுத்துக்கு அடக்கமும் ஒருசேர வேண்டிய நோய் இது. ஆனால் பழக்கத்தின் வேகத்தில் கழுத்துக்கும் நீட்டி மடக்கும் பயிற்சி எழுதிக்கொடுத்துவிடும் பிசியோதெரபிஸ்டிடம் இதைப் புரியவைப்பது அத்தனை சுலபம் அல்ல.

இந்த வரலாற்றில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு, பலர் நினைப்பதைவிடப் பெரிய பங்கு. 1970இல் மெட்ராஸிலிருந்து மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவர் 'நியூராலஜி இந்தியா' இதழில், இந்த ஊரில் இளவயதினருக்கு வரும் இயக்க நரம்பு நோயின் போக்கைப் பற்றி எழுதினார்கள். கை கால் மெலிவோடு முகமும் நாக்கும் பலவீனமாகி, பலருக்குக் காதும் மந்தமாகி, ஆனாலும் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் அவர்கள். 'மெட்ராஸ் வகை' என்ற பெயரில் உலகப் பாடநூல்களில் ஏறிய நோய் அது. ஹிராயாமா நோயும் அதுவும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் இளவயதில் இயக்க நரம்பு நோய் என்றாலே மரண ஓலை என்ற நம்பிக்கையை டோக்கியோ ஒரு பக்கம் அசைத்தது போல மெட்ராஸ் இன்னொரு பக்கம் அசைத்தது.

பெங்களூரு நிம்ஹான்ஸில் எம். கௌரிதேவி தலைமையிலான குழு 1984இல் ஓர் அமெரிக்க இதழில் எழுதிய கட்டுரை, ஒற்றைக் கையோ ஒற்றைக் காலோ மட்டும் மெலியும் நோயைப் பற்றியது. அவர்கள் தொடங்கிவைத்த பதிவு நிற்கவில்லை. 1976 முதல் 2010 வரை 35 ஆண்டுகளில் பார்த்த 279 நோயாளிகளின் வரலாற்றை ஏ. நளினியும் கௌரிதேவியும் சகாக்களும் 2014இல் வெளியிட்டார்கள். இலங்கையில் ஜே.பி. பீரிஸும் உடனிருந்தவர்களும் 1989இல் 102 நோயாளிகளைப் பற்றிப் பிரிட்டிஷ் இதழில் எழுதினார்கள். மலேசியாவிலிருந்தும் அதே பத்தாண்டில் அறிக்கை வந்தது. ஜப்பானில் 1996க்கும் 1998க்கும் இடையே நாடு முழுதும் நடத்திய கணக்கெடுப்பில் கிடைத்தவர்கள் 333 பேர். 20 ஆணுக்கு ஒரு பெண் என்ற விகிதம். 15 முதல் 17 வயதுக்குள் தொடங்கியதே மிகுதி. பெங்களூரிலும் கொழும்பிலும் ஒவ்வோர் இடத்தில் சேர்ந்த எண்ணிக்கையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அரிய நோய் என்ற அடைமொழியை ஆசியாவில் கொஞ்சம் தயங்கியே சொல்ல வேண்டியிருக்கிறது.

காலும் மெலிந்தது என்ற பெங்களூருப் பதிவு ஒரு சிக்கலையும் கிளப்பியது. கழுத்தைக் குனிவதால் கை நரம்புச் செல்கள் சாகலாம், கால் எப்படி? அதற்கான செல்கள் இருப்பது முதுகின் கீழ்ப்பகுதியில். ஆக, எல்லா ஒற்றையுறுப்பு மெலிவையும் கழுத்துப் பட்டைக்குள் அடக்கிவிட முடியாது. ஜெர்மனியின் பான் நகரிலிருந்து 1999இல் வந்த ஓர் ஆய்வும் கழுத்து மடிப்புதான் காரணமா, செல்லுக்குள்ளேயே கோளாறா என்று கேள்வி எழுப்பியது. ஜப்பானிலேயே சிலர், ஒவ்வாமை உடல்வாகு உள்ளவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருவதைச் சுட்டினார்கள். சந்தேகங்கள் இருந்தும், கை மெலிவில் மடக்கிய கழுத்தின் படம் பெரும்பாலும் ஹிராயாமாவுக்கே சாதகமாகப் பேசுகிறது. லக்னோவில் சுனில் பிரதான் செய்த எம்.ஆர்.ஐ. ஆய்வுகளும் அதே திசையில்தான் போயின; இரண்டு கைகளும் ஒரே அளவில் மெலியும் வடிவமும் இந்த நோய்க்கு உண்டு என்பதை அவர் எழுதினார்.

நம் ஊரில் கை மெலிந்த இளைஞனுக்கு இன்னொரு பயமும் காத்திருந்தது. தொழுநோய். அதிலும் கைச் சதை குழியும், விரல்கள் மடங்கிக்கொள்ளும். தலையாய வித்தியாசம் இதுதான்: தொழுநோயில் தொடுவுணர்ச்சி போய்விடும், முழங்கை நரம்பு தடித்திருக்கும், ஹிராயாமா நோயில் உணர்ச்சி அப்படியே இருக்கும். பஞ்சால் தொட்டு, ஊசியால் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனை ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே பிரித்துக் காட்டிவிடும். மடங்கிய அந்தத் தொழுநோய்க் கைகளுக்காக வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் ஓர் அறுவை முறையை வளர்த்தெடுத்தார். நன்றாக இருக்கும் தசையின் நாணை எடுத்து, செத்த தசையின் வேலையைச் செய்யும்படி வேறிடத்தில் பூட்டுவது. பூட்டியபின் மூளைக்கும் அந்தத் தசைக்கும் புதுப் பழக்கத்தைச் சொல்லித்தரும் வாரக்கணக்கான பிசியோதெரபிதான் அதில் பாதி வைத்தியம். நோய் நின்றுபோய் நெடுநாளான ஹிராயாமா கைகளுக்கும் இப்படி நாண் மாற்றி அமைத்து அன்றாட வேலைகளை மீட்டுக் கொடுத்ததை ஜப்பானிய மருத்துவர்கள் 2000களில் பதிவு செய்தார்கள்.

இன்றைய பிசியோதெரபி அறையில் இந்த நோயாளிக்குக் கொடுக்கும் வேலைகள் பார்வைக்கு விளையாட்டு போலத்தான் இருக்கும். பிசையக் களிமண் உருண்டை, கவ்வித் திறக்கத் துணிக்கிளிப், விரல்களைச் சுற்றி மாட்டி விரிக்க ரப்பர் பேண்டு, கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு மாற்றக் கோலிக்குண்டு. விரல் மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடாதபடி மற்றக் கையால் நீட்டிவிடுவது முக்கியம். தேவைப்பட்டால் இரவில் சிறு ஸ்பிளிண்ட். வேலைக்குமுன் வெந்நீரில் கை நனைக்கலாம். பேனாவைத் தடிமனாக்கிக்கொள்ளலாம். களைப்பு வருமுன் நிறுத்த வேண்டும் என்பதுதான் விதி. மிச்சமிருக்கும் சில நரம்புச் செல்கள் செத்தவற்றின் சுமையையும் சேர்த்துச் சுமக்கின்றன, அவற்றை அடித்து ஓட்டினால் பலன் வராது. ஜிம்முக்குப் போய் ஒரே மாதத்தில் கையைத் தேற்றிக்காட்டுகிறேன் என்று கிளம்பும் 17 வயது வேகத்தைப் பிடித்து நிறுத்துவதே பிசியோதெரபிஸ்டின் பெரும்பாடு.

கழுத்துக்கு வேறு சட்டம். பட்டை போட்டிருக்கும்போது கழுத்துத் தசை தளர்ந்துவிடாதிருக்க, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் தள்ளுவார்கள், தலை நகராமலேயே. மடக்கும் பயிற்சி கிடையாது. கழுத்தை முழுதாக முன்னே மடித்து உடல் எடையை ஏற்றும் ஹலாசனமும் சர்வாங்காசனமும் கிடையாது. உயரமான தலையணை வேண்டாம். புத்தகத்தை மேசையில் சரிவுப் பலகை வைத்துக் கண்ணுக்கு நேரே உயர்த்த வேண்டும். குனிந்த தலை நிமிராமல் படிக்கிற பிள்ளை என்று ஊர் பாராட்டும் குணம்தான் இந்தப் பிள்ளைக்கு ஆகாது. செல்போனை இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எல்லோருக்கும் ஆசை வரும். ஹிராயாமா தன் 12 பேரைப் பார்த்தபோது செல்போன் கிடையாது. இந்த நோயைச் செல்போன் உண்டாக்குகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் நோய் வந்தவன் மடியில் வைத்து அதைப் பார்க்கக் கூடாது என்பதில் ஐயமில்லை.

பட்டையின் கதை காகிதத்தில் எளிது. பதின்வயதுப் பையன் அதை மூன்று நான்கு ஆண்டுகள் போட வேண்டும் என்கிறபோதுதான் கஷ்டம். பள்ளிக்கூடத்தில் கிண்டல், பேருந்தில் "என்னப்பா, விபத்தா?" என்ற விசாரிப்பு, மே மாதத்தில் பட்டைக்கடியில் வேர்க்குரு. மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி அதன்மேல் பட்டையைப் போடு, இரண்டு பட்டை வைத்துக்கொண்டு துவைத்துத் துவைத்து மாற்று என்று சொல்லித்தருவதும் வைத்தியத்தில் சேர்த்திதான். வலிக்காத நோய்க்கு இவ்வளவு தொல்லையா என்று ஆறே மாதத்தில் கழற்றி எறிபவர்கள் உண்டு. பட்டை போட்டும் நோய் வளர்கிறவர்களுக்கும், பட்டையைத் தாங்க முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது: கழுத்தெலும்புக் கண்ணிகள் சிலவற்றை முன்பக்கமாக இணைத்து அந்த இடம் மடங்காமல் செய்வது, அல்லது டூராவைத் திறந்து ஒட்டுப்போட்டு அகலமாக்குவது. சீனாவில், குறிப்பாக ஷாங்காயின் ஹுவாஷான் மருத்துவமனையில், இந்த வழியில் நிறைய அனுபவம் சேர்ந்திருக்கிறது. நோயைத் தீர்மானிக்க அவர்கள் வகுத்த வரையறைகளை மற்ற நாட்டவரும் பார்க்கிறார்கள். கத்தியா பட்டையா என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. நோய் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்குள் தானே நிற்கும் என்பதால், பலனை எதன் கணக்கில் எழுதுவது என்பதே வழக்கு. முதலில் பட்டை, அது தோற்றால் கத்தி என்ற வரிசை நியாயமாகப் படுகிறது. கழுத்தெலும்பை இணைத்தால் அது ஆயுளுக்கும் இணைந்ததுதான்.

எந்த வழியாக இருந்தாலும் பலன் கிடைப்பது நோய் வளர்ந்துகொண்டிருக்கும் முதல் சில ஆண்டுகளில்தான். வலி இல்லாததால் அந்த ஆண்டுகளைத்தான் குடும்பங்கள் தவறவிடுகின்றன. 'சத்துக் குறைவு' என்று டானிக்கும், 'நரம்புத் தளர்ச்சி' என்று ஊசியும், எண்ணெய்த் தேய்ப்புமாகக் காலம் ஓடிவிடுகிறது. வீட்டில் பதின்வயதுப் பையனுக்குக் கட்டைவிரல் அருகே சதை குழிந்திருந்தால், குளிர்ந்த நீரில் கை நனைத்தபின் விரல் சொன்னபடி கேட்கவில்லை என்று அவன் சொன்னால், நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பிசியோதெரபிக்கும் போங்கள், ஆனால் நோய் என்னவென்று முடிவானபிறகு போங்கள். அதுவரை கழுத்துக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம்.